அந்த மிஷினைப் பிடிக்கப்போவது யார்?

“செயின் சாவுக்குப் போய் யாராவது இருபதாயிரம் கொடுப்பாங்களா? ஆறாயிரத்துக்கு ஆன்லைன்ல வருது. ஒரு சீசன் ஓடினா போட்ட காசு வந்துடும். கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்கிக்கலாம்.”

தென்னந்தோப்பு வைத்திருப்பவர், சவுக்கு போட்டவர், சீமைக்கருவேலங்காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கரிமூட்டம் போடுகிறவர், யாரிடம் பேசினாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். விவசாயக் கருவி விற்கும் கடைக்காரரும் இதைச் சொல்கிறார், படித்துவிட்டு ஊர் திரும்பி விவசாயம் பார்க்கும் இளைஞர்களும் சொல்கிறார்கள். கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. ஆனால் கணக்காகவும் இது தப்பு, நியாயமாகவும் தப்பு. நியாயத்தில் இருக்கும் தப்புதான் பெரிது.

இந்த நம்பிக்கை எப்படி வேர் பிடித்தது என்பது எனக்குப் புரிகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரை கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையின் தெருவோர மரங்களைப் படுக்க வைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா உள்ளே நுழைந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, கறம்பக்குடி என்று லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மரம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர் கேட்ட கூலியைக் கொடுக்க முடியவில்லை, சாய்ந்த மரத்தை அகற்றாமல் அடுத்த கன்று வைக்கவும் வழியில்லை. அந்த நெருக்கடியில் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு ஒரு மிஷின் கிடைத்தால் யார் வாங்காமல் இருப்பார்? வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நெருக்கடிக்கு வாங்கிய பொருள், நெருக்கடி தீர்ந்த பிறகும் ஊரின் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

“கெட்டால் தூக்கிப் போடலாம்” என்ற வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த நம்பிக்கையின் அஸ்திவாரம் அதுதான். மிக்ஸி கெட்டால் நின்றுவிடும். மோட்டார் கெட்டால் தண்ணீர் வராது. அதனால் செயின் சா கெட்டாலும் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும், அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். செயின் சா அப்படிக் கெடுவதில்லை. அது கெட ஆரம்பிக்கும்போது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். இவையெல்லாம் டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள். பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் மசகு. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஓர் இணைப்புத் துண்டு இருக்கிறது. மலிவு மிஷின்களில் சூட்டிலும் அதிர்விலும் அது சீக்கிரமே விரிசல் விடும். கிராங்க் சீலும் சீக்கிரம் தேயும். எந்த வழியாக இருந்தாலும் கார்பரேட்டருக்குத் தெரியாமல் வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோல் விகிதம் குறைகிறது, கூடவே எண்ணெயும் குறைகிறது. பிஸ்டன் வறண்ட சூட்டில் ஓடத் தொடங்கும். ஒருநாள் சிலிண்டரைக் கீறிக்கொண்டு பிடித்துவிடும். அந்த நாள்தான் முதலாளியின் கண்ணுக்கு மிஷின் ‘கெட்ட’ நாள். அதற்குப் பல வாரம் முன்பிருந்தே கையை எடுத்தாலும் ஆக்ஸிலேட்டர் உடனே இறங்காது. ஐடிலிங் தானாக ஏறும். ஐடிலிங் ஏறினால் கிளட்ச் தானே பிடிக்கும், செயின் ஓடும். அறுத்து முடித்துக் கையைத் தளர்த்திவிட்டோம், செயின் நின்றிருக்கும் என்ற நினைப்பில் அடுத்த மரத்துக்கு நடக்கிறவரின் தொடைக்குப் பக்கத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பில் இதைக் கிட்டே நின்று பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், செருப்பு மட்டும் போட்ட கால், இடது கையில் அப்படிப்பட்ட மிஷின். சாய்ந்து கிடந்த தென்னையைத் தாண்டும்போதும் செயின் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. “அண்ணே, செயின் நிக்க மாட்டேங்குது” என்றார். வரப்பில் நின்ற தோப்புக்காரர், “பாத்துப் புடிச்சுக்க தம்பி, இன்னும் ரெண்டு மரம்தானே” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மதியம் அந்தத் தம்பிக்குத் தன் வீட்டிலிருந்தே சாப்பாடு வரவழைத்தார். மிஷின் இன்னும் ஓடுகிறது, எனவே அது கெடவில்லை என்பதுதான் அவருடைய எண்ணம்.

அடுத்தது செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிற பிளாஸ்டிக் தகட்டைப் பலர் கைக்கு மறைப்பு என்று நினைத்திருக்கிறார்கள். அதுதான் பிரேக்கின் நெம்புகோல். செயினைத் தாங்கும் நீளத் தகடான பாரின் நுனியில் மேல்பாதி, ஓடுகிற செயினோடு எதிலாவது பட்டால், அது கிளையாக இருந்தாலும் பக்கத்து மரமாக இருந்தாலும், மிஷின் அப்படியே மேல்நோக்கிப் பாய்ந்து பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். முழு வேகத்தில் செயின் வினாடிக்கு இருபது மீட்டர் அளவில் ஓடுகிறது. மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். மனிதன் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் 1970களின் தொடக்கத்திலேயே முன்னணி நிறுவனங்கள் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தன. பிறகு கை படாவிட்டாலும் துள்ளுகிற வேகத்திலேயே தானாக விழும்படி அதை மேம்படுத்தின. மலிவு மிஷினிலும் அந்தத் தகடு இருக்கும், ‘டக்’ என்று சத்தமும் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு செயின் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. உள்ளே கிளட்ச் டிரம்மைச் சுற்றிப் பிடிக்க வேண்டிய பட்டை மெல்லிய தகடாக இருந்தால், ஸ்பிரிங் வலுவிழந்திருந்தால், தென்னை நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருந்தால் அது சத்தம் மட்டும்தான்.

சோதிப்பது எளிது. என்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை விடுவித்த நிலையில், மிஷினை ஒரு மரக்கட்டைக்கு மேலே பிடித்து, முன்கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பின்கைப்பிடியை மட்டும் பிடித்தபடி பார் நுனி கட்டையில் விழும்படி விடுங்கள். அந்த அதிர்ச்சியில் பிரேக் தானாக விழ வேண்டும். பெரிய நிறுவனங்களின் கையேடுகளிலேயே சொல்லியிருக்கும் சோதனை இது. ஆறாயிரம் ரூபாய் மிஷினை வாங்கப் போகிற கடையில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்ததும் நீங்களே செய்து பாருங்கள். விழவில்லை என்றால் உங்களிடம் செயின் சா இல்லை, பிரேக் இல்லாத வண்டி ஒன்று இருக்கிறது.

“எல்லாம் ஒரே சீனாவில்தான் செய்றான், மேலே ஒட்டுற ஸ்டிக்கர்தான் வேற” என்பது அடுத்த பேச்சு. இதில் பாதி உண்மை. சீனாவில் செய்தது என்பதாலேயே ஒரு பொருளை நான் ஒதுக்கவில்லை. ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனத்துக்கே சிங்தாவோ நகரில் சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது. நல்ல மிஷினும் அங்கிருந்து வருகிறது. நம் ஊர்ச் சந்தையில் 5200, 5800 என்ற எண்களோடு ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று வண்ணம் மாற்றி விற்கப்படுபவை வேறு வகை. ஜப்பானின் ஜெனோவா நிறுவனம் ஒரு காலத்தில் வடிவமைத்த நல்ல மிஷினின் நகல்கள் அவை. வரைபடத்தை நகலெடுத்தார்கள். சிலிண்டருக்குள் பூச வேண்டிய பூச்சு, பேரிங்கின் தரம், கிளட்ச் ஸ்பிரிங்கின் எஃகு, ரப்பரின் வகை இவற்றை நகலெடுக்கவில்லை. விலை குறைந்தது அங்கேதான். உண்மையிலேயே ஒரே பொருள்தான் என்றால் மூன்று மடங்கு விலை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “பேருக்குக் காசு” என்கிறார்கள். பெயருக்கும் காசு வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெயர் போட்டு விற்கிறவனை நாளைக்குத் தேடிப் போய்க் கேட்க முடியும். இந்த வருஷம் ஒரு பெயர், அடுத்த வருஷம் வேறு பெயர் என்று அதே மிஷினை விற்கிற இறக்குமதியாளரை எந்த முகவரியில் தேடுவது?

ஸ்டிக்கரில் இருப்பதாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. 58 சிசி என்று எழுதியிருக்கும். 5200க்கும் 5800க்கும் உதிரிப் பாகக் கடையில் பெரும்பாலும் ஒரே 45.2 மில்லிமீட்டர் பிஸ்டன் செட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். ஸ்ட்ரோக் 34 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 55 சிசியைக்கூட அது தொடாது. சில பெட்டிகளில் ஐந்தரை எச்.பி. என்று வேறு எழுதியிருக்கும். ஸ்டில் நிறுவனம் காட்டு வேலைக்கென்றே செய்கிற எம்எஸ் 261 மிஷின் 50.2 சிசி. அதன் சக்தி 3 கிலோவாட், அதாவது சுமார் நான்கு எச்.பி. அத்தனை நுணுக்கத்தோடு, அத்தனை விலையில் செய்யும் என்ஜினுக்கே நான்குதான். ஐந்தரை எங்கிருந்து வரும்? இந்தப் பொய் வெறும் விளம்பரமாக நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. பொய்யான சக்தியைக் காட்டி 22 அங்குல பாரை மாட்டிக் கொடுக்கிறார்கள். பெரிய பார் என்றால் பெரிய மிஷின் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. சக்தி போதாத என்ஜினில் நீளமான பார் மாட்டினால் செயின் மரத்துக்குள் திணறும், அறுப்பவர் உடம்பு பலத்தைக் கொடுத்து அழுத்துவார், அழுத்தும்போது பிடி நிலை மாறும். புயலில் சாய்ந்த மரத்தில் இது இன்னும் மோசம். ஒருபக்கம் வளைந்து முறுக்கேறி நிற்கிற மரம், பாதி அறுபட்டதும் திடீரென விடுபட்டு எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாது.

கூடவே பெட்ரோல். நாட்டில் இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யாத ரப்பரைக் கெடுக்கும். மிஷினில் பெட்ரோலை விட்டு மூலையில் போட்டால் அடுத்த மழைக்கு எடுக்கும்போது கார்பரேட்டர் டயாஃப்ரமும் பெட்ரோல் டியூபும் விறைத்துப் போயிருக்கும். நல்ல மிஷினையும் இது சோதிக்கும் என்பது உண்மை. மலிவு மிஷினில் முதல் வருஷத்திலேயே கார்பரேட்டர் மாற்றுவது வாடிக்கையாகிவிட்டது. கார்பரேட்டர், செயின், ஸ்டார்டர் செட், கிளட்ச், மெக்கானிக் கூலி, வேலை நின்றுபோன நாளின் ஆள் கூலி இவற்றையும் நோட்டில் எழுதினால் ஆறாயிரம் ஆறாயிரமாக நிற்காது. நோட்டில் எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் “லாபம்” என்ற பேச்சு நிற்கிறது. உதிரிப் பாகம் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது என்பதை இந்த மிஷினின் பெருமையாகச் சொல்கிறார்கள். எந்த மெக்கானிக் கடையிலும் அது மாலை மாலையாகத் தொங்குவது எதற்காக என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கை இதோடு விடுகிறேன். ஒருவருக்கு வருஷத்தில் இரண்டு நாள் வேலைதான், கிளை கழிப்பதோடு சரி, மலிவு மிஷினே அவருக்குக் கட்டுபடியாகிறது என்று வைத்துக்கொண்டாலும் என் எதிர்ப்பு அப்படியே இருக்கும். இந்த மிஷினை வாங்குகிறவர் வேறு, பிடிக்கிறவர் வேறு. மிச்சமாகும் பதினாலாயிரம் வாங்குகிறவரின் பையில் இருக்கிறது. அந்தப் பதினாலாயிரத்துக்கு ஈடாகப் பிரேக்கிலும் கிளட்சிலும் அதிர்வுத் தடுப்பிலும் குறைத்தது பிடிக்கிறவரின் உடம்பிலிருந்து கழிகிறது. தன் காசு, தன் உடம்பு என்றால் ஒருவர் துணிந்து எடுக்கும் முடிவு என்று சொல்லலாம். இங்கே முடிவு ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. அவர் நாள்கூலிக்கு வந்தவர். “இந்த மிஷினைத் தொடமாட்டேன்” என்று சொன்னால் மறுநாள் வேறு ஆள் வருவார். சொல்லாமல் பிடிக்கிறார்.

அதிர்வைப் பற்றிப் பேசுவோர் இங்கே மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வேகமாக அதிர்கிற கருவியை நாள்கணக்கில் பிடிப்பவரின் விரல்களில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. குளிர் நாட்டுக் காட்டுத் தொழிலாளர்களிடம் இதனால் விரல் வெளுத்துப்போவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கென்றே விதி வகுத்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு கை வாங்கும் அதிர்வு 5 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டக் கூடாது, அதில் பாதியைத் தொட்டாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலின் அதிர்வளவையும் கையேட்டில் அச்சிடுகின்றன. என்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்துப் பிரிக்கின்றன. மலிவு மிஷினின் துண்டுக் காகிதத்தில் அப்படி ஓர் எண்ணைத் தேடிப் பாருங்கள். நம்மூர் வெயிலில் விரல் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது, மரமரப்பும் குத்தலும்தான் தெரியும். “டீ கிளாஸ் சூடு தெரியலைங்க, சட்டை பொத்தான் போட முடியல” என்பார்கள். வயசாச்சு, வேலை அப்படி என்று அதையும் விட்டுவிடுவார்கள். கெட்ட நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

1923லேயே தொழிலாளர் இழப்பீட்டுக்குச் சட்டம் கண்ட நாடு இது. ஆனால் தோப்பில் இரண்டு நாள் வேலைக்கு வந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. காயம்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள், கையில் ஏதாவது கொடுப்பார்கள். ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். பேச்சு முழுக்க “அவன் கவனமா இருந்திருக்கணும்” என்பதிலேயே சுற்றும். அந்தக் கூட்டத்துக்கு மிஷினைக் கொண்டுவந்து பிரேக் விழுகிறதா என்று சோதித்துப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்படியானால் சின்ன விவசாயி என்ன செய்வார், இருபதாயிரத்துக்கு எங்கே போவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் பதில், பெரும்பாலானவர்கள் செயின் சா வாங்கவே தேவையில்லை என்பது. வருஷத்தில் சில நாள் வேலைக்குச் சொந்த மிஷின் எதற்கு? ஒவ்வொரு வட்டாரத்திலும் நல்ல மிஷின் வைத்து மரம் அறுப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாளைக்குக் கேட்கும் காசு அதிகம் என்று மலைக்கிறோம். மிஷினுக்கும் எண்ணெய்க்கும் செயினுக்கும் அவர் அனுபவத்துக்கும் சேர்த்த காசு அது. மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் வேளாண் கருவி வாடகை மையங்கள் இயங்குகின்றன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாங்கி வாடகைக்கு விடுகின்றன. அதே இடத்தில் பிரேக் சரியாக உள்ள இரண்டு செயின் சாக்களையும், கால் காக்கிற உடுப்பையும், தலைக்கவசத்தையும் சேர்த்து வைத்தால் பத்துக் கிராமத்துக்குப் போதும். பத்துத் தோப்புக்காரர்கள் சேர்ந்தாலே ஒரு நல்ல மிஷின் வாங்கிவிடலாம். கிளை கழிக்கிற வேலைக்கு நல்ல வளைவு ரம்பம் ஒன்று போதும், அதற்குப் பெட்ரோலும் வேண்டாம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சிறிய மிஷினாக வாங்குங்கள். 22 அங்குலத்துக்கு ஆசைப்படாமல் 14, 16 அங்குல பாரோடு, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கும் நிறுவனத்தின் மிஷினை வாங்குங்கள். நல்ல நிறுவனத்தின் பழைய மிஷின், அதை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் பார்த்துச் சொன்னது, புது மலிவு மிஷினைவிட மேல். கடைக்குப் போகும்போது, உங்கள் தோப்பில் அதைப் பிடிக்கப்போகிறவரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கையில் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நிற்கிறதா, பிரேக் விழுகிறதா, கைக்கு எவ்வளவு அதிர்கிறது என்று அவர் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.